கோபி பக்கம் ஒரு தோட்டத்து வீடு: காலை எனக்கு, மிச்சம் இருவருக்கும்

தங்கிய வீட்டின் பெயரை இதில் எழுதவில்லை. மூன்றே அறைதான். தெரிந்தவர் சொல்லித்தான் ஆட்கள் வருகிறார்கள். "பேரு கீரு போட்டுறாதீங்க கண்ணு, கூட்டம் வந்தா எங்களால பார்க்க முடியாது" என்று வீட்டுக்கார அக்கா கிளம்பும்போது கேட்டுக்கொண்டார். கோபிசெட்டிபாளையத்திலிருந்து கவுந்தப்பாடி போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே, கீழ்பவானிக் கிளை வாய்க்காலை ஒட்டிய தோட்டம் என்பது மட்டும் போதும். அந்தப் பக்கம் இப்போது இதுபோல நான்கைந்து வீடுகளாவது அறை விடுகின்றன. எந்த வீட்டுக்குப் போனாலும் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூரில் பள்ளி ஆசிரியை. பதினோரு வருடமாகப் பறவை பார்க்கிறேன். என் வீட்டுக்காரருக்குப் பறவைகள் மேல் வெறுப்பு ஒன்றும் கிடையாது, ஆர்வமும் கிடையாது. கணபதியில் பம்புசெட் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். வருடம் முழுக்க மோட்டார், சுருள் கம்பி, கடன் வசூல். விடுமுறை என்றால் அவருக்கு நல்ல தூக்கம், நல்ல சாப்பாடு, அப்புறம் யாரோடாவது உட்கார்ந்து பேச வேண்டும். எனக்கு டிசம்பர், ஜனவரியை விட்டால் வேறு மாதம் இல்லை. வடக்கிலிருந்து வரும் பறவைகள் இங்கே இருக்கிற காலம் அது. அரையாண்டுத் தேர்வு விடுமுறையும் அப்போதுதான். ஆக, எங்கள் குடும்ப விடுமுறையும் என் பறவைகளும் ஒவ்வொரு வருடமும் ஒரே வாரத்தில் வந்து முட்டிக்கொள்ளும்.

இரண்டு வருடம் முன்பு ஒரு மலையூரில் பெரிய விடுதி ஒன்றில் தங்கினோம். அறை நன்றாக இருந்தது, விலையும் பெரிய விலை. பறவை இருக்கிற காடு அங்கிருந்து காரில் முக்கால் மணி நேரம். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், ஆனால் அந்த மலைப்பாதையில் விடியும் முன் தனியாகப் போக வேண்டாம் என்று அவரும் எழுந்து வந்தார். "அரை மணி நேரத்துல வந்துடறனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். வந்தது மூன்று மணி நேரம் கழித்து. அவர் டீ கூடக் கிடைக்காத இடத்தில் காருக்குள் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்தால் விடுதியில் ஒன்பதரைக்குக் காலைச் சாப்பாட்டை எடுத்துவிட்டார்கள். அவர் சத்தம் போடவில்லை. அன்று முழுக்க அவ்வளவாகப் பேசவும் இல்லை. நான் அன்று பார்த்த பறவைகளின் பட்டியல் இன்னும் போனில் இருக்கிறது. அதைத் திறக்கும்போதெல்லாம் காருக்குள் இருந்த அவர் முகம்தான் ஞாபகம் வருகிறது.

அதற்கப்புறம் யோசித்ததில் எனக்குத் தெளிவானது இதுதான். அவருக்குப் பறவை பிரச்சினை இல்லை, காத்திருப்பதுதான் பிரச்சினை. அதனால் இந்தத் தடவை பறவை அதிகமாக இருக்கும் ஊரைத் தேடவில்லை. நான் நடந்தே போய் நடந்தே திரும்பக்கூடிய வீட்டைத் தேடினேன். போனில் அந்த அக்காவிடம் கேட்டது மூன்றே கேள்வி: வாசலைத் தாண்டினால் நடக்க வாய்க்கால் மேடோ வரப்போ இருக்கிறதா, விடியற்காலையில் கேட்டைத் திறந்து விடுவீர்களா, காலைச் சாப்பாடு ஒன்பதரைக்குக் கிடைக்குமா. "கேட்டுக்குப் பூட்டே கெடையாதுங்க. சாப்பாடு நீங்க வந்து உக்காந்தப்புறம்தான் சுடறது" என்றார். அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அறைக்கு ஒரு நாளைக்கு 2,400 ரூபாய், இரண்டு பேருக்குக் காலை, இரவுச் சாப்பாடு சேர்த்து. வியாழன் மதியம் போய் ஞாயிறு மதியம் கிளம்பினோம்.

பறவை பார்க்காத துணையோடு போகிறவர்களுக்குக் குளிர்காலத்தில் ஒரு நல்ல வசதி உண்டு. பலர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. டிசம்பர் கடைசியில் நம் பக்கம் சூரியன் ஆறரை மணிக்கு மேல்தான் எழுகிறது. ஆறே காலுக்குக் கிளம்பினால் போதும். வெயில் ஏறாததால் ஒன்பது மணி வரை பறவைகள் சுறுசுறுப்பாக மேய்கின்றன. சித்திரை, வைகாசியில் எட்டு மணிக்கே அடங்கிவிடும். மார்கழியில் அப்படியில்லை. அவர் எட்டு மணிக்கு எழுந்து, பல் துலக்கி, டீ குடித்து, பேப்பர் படித்து முடிப்பதற்குள் என் வேலையும் முடிந்துவிடுகிறது. யாரும் யாருக்காகவும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை. ஐந்தே முக்காலுக்கு அக்காவின் மாமியார் வாசல் திண்ணையில் கருப்பட்டிக் காபியை வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் கேட்கவே இல்லை. முதல் நாள் பேச்சில் சீக்கிரம் எழுவேன் என்று சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறார். வயலெங்கும் பனி. வாய்க்காலில் தண்ணீர் நின்று, கரையோரம் குட்டை குட்டையாகத் தேங்கியிருந்தது. கீழ்பவானியில் நஞ்சைக்கு ஆகஸ்ட் நடுவில் திறக்கிற தண்ணீர் டிசம்பரில் நிற்கும், அப்புறம் ஜனவரியில் புஞ்சைக்குத் திறப்பார்கள். இடையில் வரும் இந்தச் சில வாரங்களில் வாய்க்கால் தரையில் சேறும் ஈரமும் புழுவுமாக இருக்கும். வாலாட்டிகளுக்கும் உள்ளான்களுக்கும் அதுதான் சாப்பாட்டுக் கடை.

முதல் நூறு அடிக்குள் கரும்சாம்பல் வாலாட்டி. இமயமலைப் பக்கமும் அதற்கு வடக்கேயும் கூடு கட்டிவிட்டு தென்மேற்குப் பருவமழை முடிகிற சமயத்தில் இங்கே வருவது. வாலை நிறுத்தாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே கல்லிலிருந்து கல்லுக்குத் தாவியது. நான் நடக்க நடக்க எனக்கு முன்னாலேயே பறந்து போய் உட்கார்ந்தது. வேலி ஓரப் புதரிலிருந்து இரண்டு கூழாங்கல்லைத் தட்டினாற்போல 'டக்... டக்' என்று சத்தம். நாணல் கதிர்க்குருவி வகை. உருவத்தைக் காட்டுவது அபூர்வம், சத்தத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். கருவேல மரத்தின் உச்சிக் குச்சியில் பழுப்புக் கீச்சான், கண்ணில் கறுப்புப் பட்டையோடு. சைபீரியா, மங்கோலியா பக்கத்துப் பறவை. கவுந்தப்பாடிக் கரும்புக்காட்டு ஓரத்தில், மின்கம்பிக்குப் பக்கத்தில், சொந்த ஊரில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருக்கிறது. பதினோரு வருடம் பார்த்தாலும் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஆச்சரியம் குறையவே இல்லை.

ஏழரைக்கு மேல் அறுவடை மிஷின் வயலில் இறங்கியது. பின்னால் உண்ணிக்கொக்குகள் ஐம்பது அறுபது, இரட்டைவால் குருவிகள், மேலே தகைவிலான்கள். மிஷின் திரும்பும் பக்கமெல்லாம் கூட்டமும் திரும்பியது. மிஷின் ஓட்டுகிற தம்பி என்னைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, "போட்டோ எடுக்கறீங்களாக்கா?" என்று கேட்டார். காமிரா எனக்குக் கிடையாது. ஒரு 8×42 பைனாகுலர், ஒரு நோட்டு, போனில் பறவைப் பட்டியல் ஏற்றுகிற இபேர்ட் செயலி, அவ்வளவுதான். எட்டு மடங்கு பெருக்கம், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர். விடியற்காலை மங்கிய வெளிச்சத்துக்கு இந்த அளவு நன்றாக ஒத்துவரும். சின்னதாக இருக்கிறதே என்று 25 மில்லிமீட்டர் வாங்கினால், பறவை அதிகம் இருக்கிற நேரத்தில்தான் அது மங்கலாகத் தெரியும்.

எட்டே முக்காலுக்கு வீட்டில் இருந்தேன். சொன்னது ஒன்பது மணி.

என் வீட்டுக்காரர் அப்போது வீட்டில் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் கரும்பாலை ஓடுகிறது என்று அக்காவின் மகன் சொல்லியிருக்கிறான். இவர் டீயைக் குடித்துவிட்டு அவனோடு போய்விட்டார். நானும் அங்கே போனேன். கொட்டகைக்குள் நுழைந்ததும் அனல், இனிப்பு வாசம். ஆலையில் பிழிந்த சாறு பெரிய இரும்புக் கொப்பரையில் கொதிக்கிறது. அடுப்புக்கு விறகு கிடையாது, காயவைத்த கரும்புச் சக்கைதான். சுண்ணாம்பு சேர்த்து, மேலே திரண்டு வரும் அழுக்கை நீளக் கரண்டியால் வழித்துக்கொண்டே இருக்கிறார்கள். பதம் வந்ததும் கொப்பரையைச் சாய்த்து மரத்தொட்டியில் ஊற்றுகிறார்கள். ஆற ஆற மரப்பலகையால் தேய்த்தால் நாட்டுச்சர்க்கரை, தேய்க்காமல் உருட்டினால் வெல்லம். இவர் பாகு பக்கமே இல்லை. ஆலையை ஓட்டுகிற மோட்டாருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். "பேரிங் போயிட்டு இருக்குது. இன்னும் ஒரு மாசம் தாங்கும், அதுக்குள்ள மாத்தலீன்னா காயில் கருகிடும்" என்று ஆலைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை ஊரில் பார்த்து நாளாகிறது. நான் கதிர்க்குருவியின் 'டக்'கைக் கேட்டு நின்றதும் அவர் மோட்டார் சத்தத்தைக் கேட்டு உட்கார்ந்ததும் ஒரே காரியம்தான் என்று அப்போது தோன்றியது. அதை அவரிடம் சொல்லவில்லை.

இப்போது சாப்பாடு. இதற்கு முழு மதிப்பெண். முதல் நாள் காலை சந்தகை. அரிசியை ஊறவைத்து அரைத்து, வேகவைத்து, சூடு ஆறுமுன் சந்தகைப் படியில் பிழிந்தது. தேங்காய்ப்பாலும் அதே ஆலையின் நாட்டுச்சர்க்கரையும் தனித்தனிக் கிண்ணத்தில் வந்தன. இவர் மூன்று தட்டு. மறுநாள் ராகிக் களியும் கீரைக் கடைசலும். இரவில் ஒரு நாள் பச்சை மொச்சைக் குழம்பு, மார்கழிக்கே உரிய ருசி. ஒரு நாள் நாட்டுக்கோழி. கடைசி நாள் அரிசிம்பருப்புச் சாதம், நெய் ஊற்றி, பக்கத்தில் கட்டித் தயிர். நான் கறி சாப்பிடமாட்டேன் என்று ஒரே தடவைதான் சொன்னேன். அதற்கப்புறம் எனக்குத் தனியாகக் கொள்ளுப் பருப்பு வந்தது, யாரும் நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை. மதியச் சாப்பாடு கட்டணத்தில் சேராது, சொன்னால் ஆளுக்கு 120 ரூபாய்க்குச் செய்து தருகிறார்கள்.

இந்த வீட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அறையும் இல்லை, சாப்பாடும் இல்லை. பின்பக்கம் தென்னைக்கு இடையே சப்போட்டாவும் ஜாதிக்காயும் வைத்திருக்கிறார்கள். அங்கே தரையைக் கூட்டுவதே இல்லை. இலை, மட்டை, சருகு எல்லாம் அப்படியே அரையடிக்குக் கிடக்கிறது. மூடாக்கு. ஈரம் காயாது, களை வராது, மண்ணில் புழு பெருகும் என்று அக்காவின் மாமனார் பல வருடமாக அப்படியே விட்டிருக்கிறார். வியாழக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு நாங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பக்கமிருந்து இரண்டு சுருதியில் ஒரு விசில் கேட்டது. முதல் சுருதி ஏறி, இரண்டாவது இறங்கி. எனக்கு மூச்சு நின்றுவிட்டது. பெரியவரைப் பார்த்தேன். "ஆறுமணிக் குருவிங்கம்மா. ஐப்பசியில வரும், மாசி கடைசியில போயிரும். சாணிக்குழி ஓரமா சருகைப் புரட்டிட்டு இருக்கும், பாருங்க" என்றார்.

ஆறுமணிக் குருவி, தோட்டக்கள்ளன், பொன்னுத்தொட்டான். இத்தனை பெயரை நம் ஆட்கள் வைத்திருக்கிறார்கள் என்றால் எவ்வளவு காலமாகப் பார்த்து வந்திருக்க வேண்டும்! பச்சை முதுகு, மரவள்ளிக் கிழங்குத் தோல் போன்ற மங்கிய பழுப்பில் மார்பு, வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு, தோளில் ஒரு கீற்று நீலம். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் கூடு கட்டிவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிறது, இலங்கை வரைக்கும் போகிறது. இரவில்தான் பயணம். களைத்துப்போய் ஐப்பசியில் வீட்டு வராந்தாவிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் விழுந்து கிடப்பதை நானே இரண்டு தடவை எடுத்து நிழலில் விட்டிருக்கிறேன். ஆனால் குளிர்காலம் முழுக்க ஒரு பறவை ஒரே இடத்தில் தங்கி இரை தேடுவதை நிதானமாகப் பார்க்கக் கிடைத்ததில்லை. சருகு வேண்டும், நிழல் வேண்டும், தொந்தரவு கூடாது. விடுதி தோட்டங்களில் தினமும் காலையில் சருகைப் பெருக்கிக் கொளுத்திவிடுவார்கள். சுத்தம் என்று நினைத்துச் செய்வதுதான், ஆனால் இந்தப் பறவைக்கு அங்கே ஒன்றும் மிஞ்சாது.

சனிக்கிழமை சாயந்திரம் சாணிக்குழிக்கு இருபதடி தள்ளி ஒரு கவிழ்த்த கூடை மேல் உட்கார்ந்தேன். பைனாகுலரைக் கூடத் தூக்கவில்லை. ஐந்து ஐம்பதுக்கு வந்தது. தத்தித் தத்தி நிற்கும், தலையைச் சாய்க்கும், அலகால் ஒரு இலையைப் புரட்டி எறியும், அப்புறம் அடுத்த இலை. அப்படியே பத்து நிமிடம். ஆறு மணிக்கு ஒரு வேர் மேல் ஏறி, கழுத்தை நீட்டி, விசில். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஞாயிறு காலை அவரைக் கூப்பிட்டேன். திண்ணையிலிருந்து முப்பது அடி எடுத்து வைத்தால் போதும், டீ டம்ளரோடு வந்தார். பார்த்தார். "நல்லா இருக்குது, சேலை பார்டர் மாதிரி" என்றார். இரண்டு நிமிடம் நின்று திரும்பிப் போய்ப் பேப்பரை எடுத்துக்கொண்டார். எனக்கு அது போதும். பறவை பார்க்கிற ஆளாக அவரை மாற்ற வேண்டும் என்று ஆரம்பத்தில் சில வருடம் முயற்சி செய்தேன். இன்னொரு பைனாகுலர் கூட வாங்கிக் கொடுத்தேன். அவர் என் மனம் கோணக்கூடாதே என்று கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தார். அது இரண்டு பேருக்குமே பாரம்தான்.

வெள்ளி மதியம் கொடிவேரி. எங்கள் ஒப்பந்தம் காலை ஒன்பதுக்கு மேல் பைனாகுலர் அறையிலேயே இருக்கும் என்பது. அதனால் வெறுங்கையோடு போனேன். பவானி ஆற்றின் குறுக்கே பல நூற்றாண்டுக்கு முன் கட்டிய அணை. அதிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் இன்றைக்கும் இருபத்துநாலாயிரம் ஏக்கருக்கு மேல் பாய்கின்றன. அவர் அணைச் சுவரைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். வறுத்த மீன் அவருக்கு, பரிசல் எனக்கு. பாறைகளில் வெண்புருவ வாலாட்டி ஓடியது, நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய்ந்தன. கண்ணால் பார்த்ததே நிறைவாக இருந்தது. கொடிவேரிக்கு வேலை நாளில் போய்விடுங்கள். விடுமுறை ஞாயிறுகளில் கால் வைக்க இடம் இருக்காது.

சனிக்கிழமைதான் நான் பயந்த நாள். எனக்கு வெள்ளோடு போக வேண்டும். ஈரோட்டுக்குத் தென்மேற்கே, சென்னிமலை ரோட்டில் இருக்கிற பறவைகள் சரணாலயம். 77 ஹெக்டேர் ஏரி, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்த்தார்கள். அவருக்கு அதே சனிக்கிழமை கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நாட்டுச்சர்க்கரை ஏலம் பார்க்க வேண்டும். பழனிக் கோயில் பஞ்சாமிர்தத்துக்குத் தேவஸ்தானம் சர்க்கரை வாங்குவது அங்கேதான் என்று ஆலைக்காரர் சொல்லிவிட்டார். முன்பெல்லாம் இப்படி வந்தால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுப்போம், அன்று முழுக்க அது மனதில் இருக்கும். அக்காதான் வழி சொன்னார். "நீங்க வெள்ளோடு போங்க, அவர் பையன்கூட பைக்குல ஏலத்துக்குப் போகட்டும், மத்தியானம் ஒண்ணாச் சாப்பிடுங்க." தனக்குத் தெரிந்த டிரைவர் ஒருவரையும் அக்காவே ஏற்பாடு செய்து தந்தார். போக வர, காத்திருப்பு எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய். நடுவயதுக்காரர், தன்மையானவர். காத்திருப்பது அவர் தொழில், அதற்குக் கூலி வாங்குகிறார். அதனால் எனக்குக் கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

வெள்ளோட்டில் தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களெல்லாம் மஞ்சள்மூக்கு நாரைகளின் கூடுகள். தாயும் தகப்பனும் வந்து இறங்கும்போதெல்லாம் அலகு தட்டுகிற சத்தம். கூழைக்கடாக்கள் ஒரே வரிசையில் நீந்தி, ஒரே நேரத்தில் தலையை அமிழ்த்தி மீனை வளைத்தன. ஊசிவால் வாத்துகள் தூரத்தில், தண்ணீரில் தலைகீழாகக் கவிழ்ந்து வாலை மட்டும் காட்டிக்கொண்டிருந்தன. நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி, பாம்புத்தாரா. இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்றேன். நேரம் இருந்தால் பக்கத்தில் சென்னிமலைக்கும் போகலாம், பெட்ஷீட் வாங்குகிறவர்களுக்கு அதுவே தனி வேலை. நான் நேரே திரும்பிவிட்டேன்.

மதியம் ஒன்றரைக்கு இருவரும் இலை முன் உட்கார்ந்தபோது பேசுவதற்கு இரண்டு பேரிடமும் நிறைய இருந்தது. அவர் மூட்டை எப்படிப் பிரித்துக் காட்டுகிறார்கள், நிறம் பார்த்து எப்படி விலை வைக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் கூழைக்கடாவைச் சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, "அத்தனை மீன் அந்த ஏரியில எங்கிருந்து வருது?" நல்ல கேள்வி. மழைத் தண்ணீரும் கீழ்பவானி வாய்க்கால் தண்ணீரும் வந்து சேர்கிற ஏரி என்று சொன்னேன். பாசனத்தைப் பற்றி அவர் அரை மணி நேரம் பேசினார்.

குறைகளும் உண்டு. வெந்நீர் விறகு பாய்லரில்தான், ஏழு மணிக்கு முன் கிடையாது. முன்வாசல் டியூப்லைட் இரவு முழுக்க எரிகிறது. எங்கள் ஜன்னலுக்கு நேரே என்பதால் முதல் இரவு இருவருக்கும் தூக்கம் கெட்டது. சொன்னதும் அணைத்துவிட்டார்கள், ஆனால் நாமாகச் சொல்ல வேண்டும். மார்கழி என்பதால் நாலரைக்கே ஊர்க்கோயில் ஒலிபெருக்கி. எனக்கு எழுவதற்கு வசதி, எட்டு மணி வரை தூங்க நினைத்தவருக்குக் கஷ்டம்தான். பஞ்சு கொண்டுபோங்கள். கட்டில் மெத்தை கொஞ்சம் கெட்டி. கடைசி அரை கிலோமீட்டர் மண் ரோடு, மழை பெய்திருந்தால் சின்னக் கார் சிக்கும். வாய்க்கால் மேட்டில் தோட்டத்து நாய்கள் இரண்டு இருக்கின்றன. முதல் நாள் அக்காவின் மகனை ஐம்பது அடி கூட வரச் சொல்லுங்கள், அப்புறம் அவை ஒன்றும் செய்வதில்லை. ஏசி இல்லை, டிசம்பரில் தேவையும் இல்லை. மார்ச்சுக்கு மேல் போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

துணைக்கு நீச்சல் குளம், டிவி, கடைவீதி வேண்டுமென்றால் இந்த வீடு ஒத்துவராது. சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு வாய்க்கால் பக்கத்தில் இருப்பதை நினைத்து எனக்குத் தயக்கம், தண்ணீர் திறந்துவிட்டால் வேகம் அதிகம். பேச்சுப் பிடித்தவர், மண்ணும் தொழிலும் பிடித்தவர், நல்ல பசி உள்ளவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கூட்டிப் போகலாம்.

ஞாயிறு திரும்பும் வழியில் திருப்பூர். ஊத்துக்குளி ரோட்டில் கொஞ்சம் திரும்பினால் நஞ்சராயன் குளம், 2024இல் ராம்சார் பட்டியலுக்கு வந்தது. மதியம் மூன்று மணி. அவர் கேட்டார், "உன்ற குளம் இந்தப் பக்கம்தானே? போலாமா?" வேண்டாம் என்றேன். அங்கே எந்த ஞாயிறும் நான் தனியாகப் பஸ்ஸில் போய் வரலாம். அவர் மறுநாள் கடை திறக்க வேண்டும்.

பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டில் பறவை பார்ப்பவர்கள் நான்கு நாள் கணக்கெடுப்பு நடத்துகிறோம். இருக்கிற இடத்திலேயே குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி இபேர்டில் ஏற்றினால் போதும். இந்தத் தடவை அந்தச் சாணிக்குழி ஓரத்திலிருந்து ஒரு பட்டியல் போட வேண்டும் என்று மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் ஒரு அறை கேட்டுப் போன் செய்தேன். அக்கா சிரித்தார். "உங்க வீட்டுக்காரர் முந்தாநேத்தே சொல்லிட்டாருங்க. ஆலைக்கு பேரிங் கொண்டாறேன்னு."